சிலிக்கான் என்று எழுதியிருந்தது

1

சென்ற ஞாயிறு போனில் பேசும்போது, "எழுது ரோசி. பேர மட்டும் மாத்திப் போடு" என்றாள் என் தோழி. என்ன பெயர் வேண்டும் என்று கேட்டேன். தேவகி என்பது அவளே தேர்ந்தெடுத்தது. ஆகவே சென்னைக்குப் பக்கத்தில் அவள் இருக்கும் ஒரகடத்தில் யாரும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். அங்கே உண்மையாகவே ஒரு தேவகி இருந்தால் அவர் என்னை மன்னிக்கட்டும்.

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் வந்திறங்கிய நாள் வரும்போது ஊரில் இருப்பவர்களுக்காக எதையாவது எழுதுவேன். வெயில் இல்லாத மாதங்கள், புளி கிடைக்காத கடைகள், பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி எனக்கு எடுத்த வகுப்பு என்று எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. இந்த ஆண்டு எழுதப்போவது ஒரு பெண் தன் உடம்பால் தானே சுகப்படுவதைப் பற்றி. கூச்சமாக இருப்பவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். எழுதுகிற எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2

இங்கே ஒரு வகைக் கடை உண்டு. அதை மருந்துக் கடை என்றும் சொல்ல முடியாது, மளிகைக் கடை என்றும் சொல்ல முடியாது. சோப்பு, ஷாம்பு, டயபர், தலைவலித் தைலம் எல்லாம் அங்கேதான் வாங்குவோம். வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை பணம் கட்டும் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் தபால்காரச் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பூனைத் தீனி, ஒரு பொட்டலம் பஞ்சு, அதன் பக்கத்தில் படம் போட்ட பெட்டியில், பெண்கள் தனியே சுகப்படுவதற்கான அதிர்வுக் கருவி, ஒரு வைப்ரேட்டர். கல்லாவில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஸ்கேன் செய்தாள். ரசீது வேண்டுமா என்று கேட்டாள், நல்ல வாரயிறுதியாக அமையட்டும் என்று சொல்லி அனுப்பினாள். என் உள்ளங்கை வியர்த்து, கையிலிருந்த பற்பசை டப்பா நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொல்லவில்லை. எங்களுக்குள் அந்தப் பேச்சே கிடையாது. பிள்ளை பெற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

பிறகு நாங்கள் பிரிந்தோம். பெரிய காரணம் ஏதும் இல்லை. இந்த ஊர் அவரை ஒரு பக்கம் இழுத்தது, என்னை இன்னொரு பக்கம். பிரிவைப் பதிவு செய்ய, ஸ்ரீபெரும்புதூரில் சர்ச்சில் கொடுத்த கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்து, அதற்கு முத்திரை வாங்கி, அந்த முத்திரை செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன். ஒருவழியாக அலுவலர் முன்னால் உட்கார்ந்து, நான் தனியாக வசிக்கிறேன் என்று சொல்ல வந்தவள் வார்த்தை பிசகி, நான் தனிமையில் தவிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னது பொய்யும் இல்லை.

அன்று மாலைதான் அந்தக் கடைக்குப் போனேன். பல் தேய்க்கும் பிரஷ் பார்ப்பது போல வெகுநேரம் பாவனை செய்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்தேன். எடுத்ததும் திருப்பி, எந்தப் பொருளில் செய்தது என்று படித்தேன். ரப்பர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வருடக்கணக்காக உட்கார்ந்தவள் வேறு எதைப் படிப்பாள்? தேவையே இல்லாத நாலு சாமான்களை மேலே அடுக்கி மறைத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டினேன். அன்றைக்கு அழுதேன். குற்ற உணர்ச்சியில் அழவில்லை. இத்தனை வயதுக்கு அப்புறம்தான் என் உடம்பு எனக்குப் பழக்கமாகிறது என்ற வருத்தத்தில் அழுதேன்.

என் மகள் படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை வருவாள். அப்படி வந்தவள் ஒருநாள் குளியலறையில் நான் கழுவிக் காயவைத்து மறந்துபோனதைப் பார்த்துவிட்டாள். சாப்பிடும்போது, "இதெல்லாம் சாதாரணம், அம்மா" என்றாள் ஜெர்மனில். தமிழில் சொல் என்றேன். யோசித்தாள், வார்த்தை வரவில்லை. சமையல், சாமி, மாமா, சித்தி எல்லாவற்றுக்கும் அவளுக்குத் தமிழ் கொடுத்திருக்கிறேன். இதற்குக் கொடுக்கவில்லை. என்னிடமும் இருந்தால்தானே? அவள் தட்டில் குழம்பு ஊற்றினேன்.

3

நானும் தேவகியும் ஒரகடத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் பக்கத்து ஊர்க்காரி, வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அவள் சங்கரன்கோவில் பக்கம். கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீட்டில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஒரு ஷிப்ட் எழுந்து போனால் அதே பாயில் இன்னொரு ஷிப்ட் வந்து படுக்கும். தலையணையில் அடுத்தவள் எண்ணெய் வாசம் இருக்கும். குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவு தட்டப்படும். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் தனியாக இருப்பது என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆசை இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்துச் சுவரில் வாராவாரம் புதிய நோட்டீஸ் ஒட்டுவார்கள். சுய இன்பப் பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் மருந்து கொடுப்பார். அந்த நோட்டீஸ் முழுக்க ஆண்களுக்கு. பயமுறுத்துவதற்குக்கூட எங்களை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

கம்பெனியில் எங்கள் வேலை, வண்டிகளுக்கான ரப்பர், சிலிக்கான் வளையங்களைப் பார்த்து அனுப்புவது. அச்சிலிருந்து வரும் சிலிக்கானை அடுப்பில் வைத்து மறுபடி வேகவிடுவார்கள், வாடை போக. சரியாக வெந்த சிலிக்கானில் எந்த வாடையும் இருக்காது. கருவி எல்லாம் இருந்தாலும், பெட்டியைத் திறந்ததும் நாங்கள் முதலில் முகர்ந்துதான் பார்ப்போம். வாடை அடித்தால் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். அப்புறம் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஒவ்வொன்றையும் ஐ.பி.ஏ. நனைத்த துணியால் துடைப்போம். ஐ.பி.ஏ. என்பது ஒரு வகை ஸ்பிரிட். துடைக்காமல் ஒரு பொருள்கூட வாடிக்கையாளருக்குப் போகாது. தேவகி எங்கள் எல்லோரையும்விடக் கறாரானவள். சூப்பர்வைசரே வந்து விடச் சொன்னாலும் விட மாட்டாள். இப்போது அந்தக் கம்பெனி வல்லம் வடகாலில் பெரிதாக நிற்கிறது. அவள் அங்கே லைன் லீடர்.

அவள் கணவர் வேன் ஓட்டியவர். சிங்கபெருமாள்கோயில் ரோட்டில் ஒரு விபத்தில் போய்விட்டார். மகன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, தன் சம்பளத்தில், தன் சாவியோடு அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சாவி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எட்டுப் பேர் அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

4

போன பொங்கலுக்கு விடுமுறையில் வந்திருந்தேன். கிருத்திகைக்குத் தேவகி தவறாமல் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவாள், நான் ஊரில் இருந்தால் துணைக்குக் கூடவே போவேன். அந்த முறையும் புடவை கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி இடுப்பை மட்டும் அழுத்தி.

"நீ போய்ட்டு வாட்டி. நான் வரல."

"நான்தான்டி வேதக்காரி. நான் மட்டும் போய் இன்னாடி பண்றது?"

அவள் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக அவள் கோயிலுக்குப் போகவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வேலையை விடப்போவதாகச் சொன்னாள். மாதக் கடைசியோடு வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். அந்த அண்ணன் வீட்டை எனக்குத் தெரியும். பின்கட்டில் ஓர் அறை, காலையில் எழுந்தால் அண்ணிக்கு எடுபிடி, ராத்திரி கடைசிச் சாப்பாடு. லைனில் நாற்பது பேருக்கு வேலை சொல்கிறவள் அங்கே போய்ப் பாத்திரம் கழுவப்போகிறாள் என்று நினைத்ததும் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாடி ஆச்சு ஒனக்கு? ஒழுங்கா சொல்லு."

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடில புண்ணுட்டி. ஆற மாட்டேங்கு. ஒன்னுக்குப் போனா உயிர் போகுது" என்றாள்.

"டாக்டரண்ட போனியா?"

"என்னன்னு சொல்ல? அவ்வோ கேப்பாவல்லா, எப்படி வந்துச்சுன்னு." குரல் இறங்கிவிட்டது. "இது கேன்சராத்தான் இருக்கும். இருக்கட்டும். நான் செஞ்சதுக்கு அதுதான் கூலி."

5

பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தாள். லைனில் துடைக்கிற அதே வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஆன்லைனில் மசாஜர் என்ற பெயரில் வாங்கியது. ரோஜா நிறம். பெட்டியில் ஆங்கிலத்தில், நூறு சதவீதம் சிலிக்கான் என்று எழுதியிருந்தது.

"அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு. மனசு கேக்கல ரோசி. வேற ஆளு தேடிப் போகல நான். யாருக்கும் தொந்தரவு இல்லன்னு நெனச்சேன். சாமி பாத்துக்கிட்டுல்லா இருக்கும்."

நான் கையை நீட்டினேன். கையில் வாங்கியதும் என் மூக்கு தானாகக் குனிந்தது, பழைய பழக்கம். புது மழைக்கோட்டைப் பிரித்தால் அடிக்குமே, அந்த நெடி. விரலால் அழுத்தினால் மேலே லேசாக எண்ணெய் கசிந்தது. நடுவில் அச்சு சேரும் இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறுத்துச் சீவக்கூட இல்லை.

"தேவகி, இது சிலிக்கான் இல்லடி. பிவிசி. மெத்துன்னு இருக்கறதுக்கு எண்ணெய் கலந்துகீறான். அதுதான் வெளிய வருது."

"வாடை அடிச்சுது," என்றாள் அவள். "அதான் ஒவ்வொரு தடவையும் நல்லாத் தொடச்சேன்."

"எதால?"

"ஐ.பி.ஏ.ல."

லைனிலிருந்து சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாள். துடைத்திருக்கிறாள், காயும்முன் பயன்படுத்தியிருக்கிறாள். எரிந்திருக்கிறது. சரியாகச் சுத்தமாகவில்லை போல என்று அடுத்த முறை இன்னும் அதிகமாக ஊற்றித் துடைத்திருக்கிறாள். ஸ்பிரிட் படப்பட அந்த மட்டமான பிளாஸ்டிக் சொரசொரப்பாகி இன்னும் கசிந்திருக்கிறது. இத்தனை வருடமாக ஒரு பழுதான பொருளை வெளியே விடாத கை, தன் உடம்பை இப்படிப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

"இந்த வாடையோட லைன்ல ஒரு பார்ட் வந்தா வுடுவியா நீ?"

"சிவப்புச் சீட்டு போட்ருவேன்."

"அப்பறம் இத்த ஏன்டி வுட்டே?"

"அது கஸ்டமருக்குப் போறதுல்லா," என்றாள் தேவகி. "இது எனக்குத்தான."

எனக்குத் தாங்கவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரோ ஒருவருடைய கார் எஞ்சினுக்குப் போகிற வளையத்துக்கு இருக்கிற மரியாதை அவள் உடம்புக்கு இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கியவள் தரம் கேட்க மாட்டாள் என்று அதைச் செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. திருப்பி அனுப்ப மாட்டாள், புகார் எழுத மாட்டாள், புண் வந்தால் சாமி கொடுத்தது என்று எடுத்துக்கொள்வாள்.

அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"நானும் வச்சிகினு கீறேன்டி. பல வருஷமா."

தேவகி திரும்பி என்னை முழுதாகப் பார்த்தாள். "நீயா? ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறவ?"

"பூசைக்கும் போறேன்."

அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. என் உடம்பில் ஏதாவது தண்டனை தெரிகிறதா என்று தேடியிருப்பாள். அப்புறம் துணியோடு அதை எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து, "அங்க நீ பேசணும். நான் பேச மாட்டேன்" என்றாள்.

6

கம்பெனிக்காரர்கள் போகும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். டோக்கன் கொடுக்கிற பெண் தலை நிமிராமல் கேட்டாள், "வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?"

"இறந்துட்டாரு."

"பரவால்ல, பேர் சொல்லு."

ஜெர்மனியில் முதல்முறை மகளிர் மருத்துவரிடம் போனது நினைவுக்கு வந்தது. அங்கே நிரப்பக் கொடுத்த காகிதத்தில் உடலுறவு பற்றி, கருத்தடை பற்றி, வலி பற்றிக் கேள்விகள் இருந்தன. கணவர் பெயருக்குக் கட்டம் இல்லை. அன்றைக்கு அந்தக் கேள்விகளைப் பார்த்து இவர்களுக்கு வெட்கமே இல்லை என்று நினைத்தேன். இங்கே செத்துப்போனவர் பெயரைச் சொல்லாமல் உள்ளே போக முடியவில்லை.

டாக்டருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "ஹஸ்பண்ட் இல்லன்னு போட்டிருக்கு. எப்படி ஆச்சு இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தேவகி பேசினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, லைனில் ஒரு பழுதை மேலே தெரிவிக்கும் குரலில், ஒன்றுவிடாமல் சொன்னாள். என்ன வாங்கினாள், எதால் துடைத்தாள், எப்போதிலிருந்து எரிச்சல். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா மட்டும் முகம் சுளித்தால் என் தோழி நாளைக்கே சங்கரன்கோவில் ரயிலில் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்பிரிட்டக் கண்ணுல விட்டா எரியாதா?" என்றார் டாக்டர். "அதே மாதிரி தோல்தான் அங்கயும். இது கேன்சர் இல்லம்மா. கெமிக்கல் பட்டு வந்த புண்ணு, அதுல இன்பெக்‌ஷனும் சேர்ந்திருக்கு. எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், வந்ததுக்கு." எழுதிக்கொண்டே சொன்னார், "முழுசா ஆறுற வரைக்கும் எதுவும் வேணாம். அப்புறம் நல்லதாப் பாத்து வாங்குங்க. சாதாரண சோப்பும் தண்ணியும் போதும் கழுவ."

வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் நிற்கும்போது தேவகி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்புறம்னு சொன்னாவல்லா?"

"ஆமாண்டி."

"திட்டுவாவன்னு நெனச்சேன். அப்புறம்னு சொல்லுதாவ."

நடுரோட்டில், லாரிகள் போய்க்கொண்டிருக்க, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மறைத்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து, வீட்டைக் காலி செய்யவில்லை என்று சொன்னாள். காரணம் கேட்டதற்கு, வேலை இருக்கு என்றாள்.

7

நான் திரும்பி வந்துவிட்டேன். பரிசோதனை முடிவில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. புண் ஆறச் சில வாரங்கள் ஆயின. இங்கிருந்து ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். பார்சலில் உள்ளே என்ன என்று எழுத வேண்டுமே, சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்களே என்று எனக்கு உள்ளூர உதறல். அவள் வேண்டாம் என்றாள்.

"நானே பாத்து எடுக்கேன். என்ன பாக்கணும்னு மட்டும் சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாடை அடிக்கக் கூடாது. தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. ஒட்டுப் போட்ட இடுக்கு இருந்தால் அழுக்கு தங்கும், ஆகவே முழுதும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். மோட்டார் இல்லாத சிலிக்கானைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம், மோட்டார் உள்ளதைக் கழுவுவதோடு சரி. வழுக்கலுக்குத் தண்ணீரில் கரைகிற ஜெல் போதும், தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிலிக்கான் ஜெல்லைச் சிலிக்கான் மேல் தடவவும் வேண்டாம். பொருளில் சந்தேகம் இருந்தால் மேலே ஆணுறை போட்டுக்கொள்ளலாம். வலித்தால் நிறுத்து. தேவகி இடையிடையே 'ம்' கொட்டினாள்.

அப்புறம் அவள் செய்ததுதான் அவளுக்கே உரியது. ஆன்லைனில் விற்கிற கடைகளுக்குக் கம்பெனி ஆங்கிலத்தில் மெயில் போட்டிருக்கிறாள்: மூலப்பொருள் சோதனைச் சான்று அனுப்பவும், இல்லாவிடில் ஏற்றுக்கொள்ள இயலாது. ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், எத்தனை ஆயிரம் பீஸ் வேண்டும் மேடம் என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். மூன்றாவது கடையில் இருந்து சான்று வந்தது. அதை அவள் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வாங்கினாள். பெட்டி வந்ததும் வீடியோவில் கூப்பிட்டு, என் எதிரிலேயே முகர்ந்து பார்த்தாள்.

"ஒரு வாடையும் இல்லட்டி. வெந்திருக்கு."

"ஓகே போடலாமா?"

"இருட்டி, இன்னும் பிசிறு பாக்கல," என்றாள்.

அதற்கப்புறம் சில வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமும் இல்லை அது. சென்ற ஞாயிறு கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கெழம கம்பெனி பஸ்ஸ விட்டுட்டேன் ரோசி."

மழையில் ரோடெல்லாம் முட்டளவு தண்ணீர் நின்றபோதும், கணவர் காரியம் முடிந்த மறுவாரமும் அந்த பஸ்ஸை விடாதவள் அவள். "ஏன்டி, மறுபடியும் எரியுதா?"

"அதெல்லாம் இல்ல. தூங்கிட்டேன்ட்டி. அலாரம் அடிச்சிருக்கு, கேக்கவே இல்ல. முழிச்சுப் பாத்தா வெயிலு கட்டில் வரைக்கும் வந்திருக்கு. அவரு போனதுலருந்து நான் அப்படித் தூங்குனதே இல்லல்லா. ஆட்டோ புடிச்சுப் போனேன். அரை நாளு லீவு போட்டுட்டாவ. லைன்ல இருக்க புள்ளைய எல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு, என்னக்கா, உடம்பு சரியில்லையான்னு கேட்டாளுவ."

"நீ இன்னா சொன்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குன்னேன்."